ஓடும் கணினியில் வேலி நகர்த்துவோர்

"ஒரு கோப்புக்கூட அழியாது. கணினியை நிறுத்தவும் தேவையில்லை. வன்தட்டின் பிரிவுகளைச் சில நிமிடங்களில் விரும்பியவாறு கூட்டலாம், குறைக்கலாம்."

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மென்பொருள் விற்போர் இந்த வாக்குறுதியை வழங்கி வருகின்றனர். பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கங்களும் அதனைக் கேள்வி எதுவுமின்றி வழிமொழிந்து வருகின்றன. இது முழுப் பொய்யன்று. முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றோ அம்பலப்பட்டுப் போயிருக்கும். பெரும்பாலான வேளைகளில் பலித்துவிடுகின்ற, பலிக்காத வேளையில் அனைத்தையும் விழுங்கிவிடுகின்ற அரை உண்மை அது. முழுப் பொய்யைக் காட்டிலும் அரை உண்மையே அதிக சேதத்தை விளைவிக்கும் என்பதை அரசியல் செய்திகளோடு காலம் கழித்தவர்களுக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை.

இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் வட்டுப் பிரிவின் எல்லையை மாற்றுவது அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பானது. அதனை முடிவெட்டும் வேலை போலக் காட்டி மக்களிடம் ஒப்படைத்தவர்கள், விளைவுகளுக்கான பொறுப்பை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. எனது குற்றச்சாட்டு இதுவே.

காணியும் உறுதியும்

யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகளைச் செய்தியாக்கிய எந்த நிருபருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். நொத்தாரிசு எழுதிய உறுதியில் ஓர் எல்லை இருக்கும். நிலத்தில் கதியால் நட்டு அடைத்த வேலி இன்னோர் இடத்தில் நிற்கும். இரண்டும் ஒத்துப்போகும் வரை எவருக்கும் வழக்கில்லை. ஒத்துப்போகாத நாளில் இரண்டு தலைமுறைகள் நீதிமன்றப் படியேறும்.

வன்தட்டின் அமைப்பும் இத்தகையதே. பழைய முறையில் வட்டின் முதலாவது 512 பைட் துண்டினுள், நான்கு பிரிவுகளுக்கென 16 பைட் வீதம் நான்கு பதிவுகள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிரிவும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளமானது என்பதைக் கூறுவது இந்த 64 பைட் மாத்திரமே. புதிய ஜி.பி.ரி. முறையில் இந்த அட்டவணை பெரியது. அதன் பிரதியொன்று வட்டின் கடைசியிலும் வைக்கப்படுகிறது. இந்த அட்டவணையே உறுதி.

ஒவ்வொரு பிரிவினுள்ளும் இருக்கும் கோப்பு முறைமை, தனது காணி எவ்வளவு என்ற கணக்கைத் தனியாகத் தானே வைத்திருக்கிறது. விண்டோஸின் என்.ரி.எப்.எஸ்., லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்றவை இவ்வகையின. இதுவே வேலி.

பிரிவொன்றைக் குறைப்பதானால் முதலில் வேலியை உள்ளே இழுக்கவேண்டும். எல்லைக்கு அப்பால் கிடக்கும் கோப்புகளை உள்ளே கொண்டுவந்து, கோப்பு முறைமையின் கணக்கையும் திருத்திய பின்னரே உறுதியில் கைவைக்க வேண்டும். கூட்டுவதானால் வரிசை தலைகீழாகும்: முதலில் உறுதி, பின்னர் வேலி. இந்த வரிசை பிசகினால், கோப்பு முறைமை தன்னுடையது என்று நம்பும் நிலத்தில் அடுத்த காணிக்காரர் வீடு கட்டத் தொடங்குவார். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்து ஒரு புகைப்படம் திறக்க மறுக்கும், அடுத்து ஒரு கோப்புறை மறையும். அதற்குள் காரணம் எது என்பதே மறந்து போயிருக்கும்.

இயங்கும் கணினியின் சிக்கல்

அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் பக்கத்தின் பத்தி அகலத்தைக் குறுக்க எவரும் முனைவதில்லை. இயந்திரத்தை நிறுத்தி, பக்கத்தைக் கழற்றித் திருத்திய பின்னரே மீண்டும் ஓடவிடுவர். கணினியில் மட்டும் அந்த ஒழுங்கு தேவையில்லை என்று நமக்குச் சொல்லித் தந்தது யார்?

தொடக்கத்தில் அப்படிச் சொல்லப்படவில்லை. டொஸ் காலத்து எப்டிஸ்க்கில் பிரிவின் அளவை மாற்ற வேண்டுமாயின், பிரிவை அழித்துப் புதிதாக உருவாக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கடினமான வழிதான். ஆனால் அது நேர்மையானது. அழியும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தபடியால் எல்லோரும் பிரதி எடுத்துக்கொண்டனர். பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மஜிக் 1990களில் வந்து இந்த நிலையை மாற்றியது. பெயரிலேயே மந்திரம் இருந்தது. அந்த மென்பொருளும் விண்டோஸ் அமர்ந்திருக்கும் பிரிவில் கைவைப்பதாயின், கணினியை மீளத் தொடக்கி, விண்டோஸ் விழிப்பதற்கு முன்னரே வேலையை முடிக்க முனைந்தது. 2003இல் அந்நிறுவனத்தை சைமன்டெக் வாங்கியது. பின்னர் அந்த மென்பொருளின் விற்பனையும் நின்றுபோனது. 2007இல் பொதுச் சந்தைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஓடிக்கொண்டிருக்கும் தனது சொந்தப் பிரிவையே குறைக்கவும் கூட்டவும் வசதி தந்தது. அத்துடன் அச்சமும் அகன்றது, அவதானமும் அகன்றது.

ஓடும் முறைமையில் நகர்த்த முடியாத பொருட்கள் சில உண்டு. நினைவகத்துக்குத் துணையாக நிற்கும் பேஜ் கோப்பு, உறக்கநிலைக் கோப்பு, முன்னைய நிலைகளைச் சேமிக்கும் நிழற்பிரதிகள், கோப்பு முறைமையின் சொந்தப் பதிவேடுகளில் சில ஆகியவை அத்தகையன. அவற்றுள் ஒன்று பிரிவின் நடுவில் அமர்ந்திருந்தால், பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தாலும் அதற்கப்பால் குறைக்க விண்டோஸ் மறுத்துவிடும். எந்தக் கோப்பு தடுக்கிறது என்பதைத் திரையில் சொல்லாது. நிகழ்வுப் பதிவேட்டுக்குள் 259 என்ற இலக்கத்தின் கீழ் அதனை எழுதிவைத்துவிட்டு மௌனம் காக்கும்.

அப்போது பாவனையாளர் ஆலோசனை தேடிச் செல்கிறார். அவருக்குக் கிடைக்கும் வழமையான பதில், உறக்கநிலையை நிறுத்து, பேஜ் கோப்பை நீக்கு, 'சிஸ்டம் ரிஸ்டோர்' வசதியையும் நிறுத்திவிடு என்பதாகும். கடைசி அறிவுரையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்த வசதியை நிறுத்தினால் சேமித்து வைக்கப்பட்ட மீட்பு நிலைகள் அழிந்துபோகும். கயிற்றின் மேல் நடக்கப் போகும் ஒருவரிடம், கீழே விரித்த வலை இடைஞ்சலாக இருக்கிறது, முதலில் அதை அவிழ்த்து எறிந்துவிடு என்று சொல்வதற்கு இது சமம். இத்தகைய குறிப்புகளை 'பயனுள்ள தகவல்' என்ற தலைப்பில் நமது பத்திரிகைகளும் வெளியிட்டிருக்கின்றன.

லினக்ஸ் உலகம் இவ்விடயத்தில் ஓரளவு வெளிப்படையானது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் பயன்பாட்டில் இருக்கும்போதே கூட்டலாம். குறைப்பதாயின் அதனைப் பயன்பாட்டிலிருந்து கழற்றியாக வேண்டும். எக்ஸ்.எப்.எஸ். நீண்ட காலமாகக் குறைத்தலையே அனுமதிக்கவில்லை. 2021இல் வந்ததும் மிகவும் வரையறுக்கப்பட்ட, பரிசோதனை நிலையிலான வசதியே. அங்கும் பொறிகள் இல்லாமலில்லை. பயன்பாட்டில் உள்ள வட்டின் அட்டவணையை எப்டிஸ்க் கொண்டு திருத்தினால், புதிய அட்டவணை வட்டில் எழுதப்பட்டுவிடும். ஆனால் கேர்னல் எனப்படும் மையக்கரு, பழைய அட்டவணையையே நினைவில் வைத்துக்கொண்டு தொடரக்கூடும். உறுதி கந்தோரில் திருத்தப்பட்டுவிட்டது, காணிக்காரர் கையிலோ பழைய பிரதி. எச்சரிக்கை ஒரு வரியில் திரையில் வரும். அதனைக் கவனியாது அடுத்த கட்டளையாகப் பிரிவை 'போர்மட்' செய்பவர், புதிய எல்லைக்குள் எழுதுவதாக நினைத்துக்கொண்டு பழைய எல்லைக்குள் எழுதிவிடுவார்.

'அப்படியானால் கணினியை நிறுத்திவிட்டு, வேறொரு வட்டிலிருந்து தொடக்கிச் செய்கிறேன்' என்று சிலர் கூறலாம். நல்ல முடிவுதான். ஆனால் 2012இல் விண்டோஸ் 8 அறிமுகப்படுத்திய 'விரைவுத் தொடக்கம்' இயங்குநிலையில் இருந்தால், நிறுத்தற் பொத்தானை அழுத்தினாலும் கணினி முழுமையாக நிற்பதில்லை. முறைமையின் மையப்பகுதி உறக்கநிலைக் கோப்பில் எழுதப்பட்டு, மறுமுறை அங்கிருந்தே எழுப்பப்படுகிறது. அது உறங்கும் வேளையில் வேலியை மாற்றிவிட்டால், விழித்தெழும் விண்டோஸ் பழைய வரைபடத்தை நம்பியே நடக்கத் தொடங்கும். நின்றுவிட்டதாகத் தோன்றும் கணினி உண்மையில் நிற்கவில்லை என்பதைப் பாவனையாளருக்குத் தெளிவாகச் சொன்னவர் எவர்?

250 மெகாபைட்டின் கதை

மென்பொருள் நிறுவனங்கள் தமது சுமையைப் பாவனையாளரின் தலையில் இறக்கிவைப்பதற்கு 2024இன் தொடக்கத்தில் நடந்ததைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

அவ்வாண்டு ஜனவரி 9ஆம் திகதி, விண்டோஸ் 10 கணினிகளுக்கு கேபி5034441 என்ற இலக்கமுடைய பாதுகாப்புத் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அனுப்பியது. கணினியை நேரில் கையில் எடுக்கக்கூடிய ஒருவர், பிட்லொக்கர் குறியாக்கத்தை மீட்புச் சூழலின் வழியாகத் தாண்டிச் செல்வதைத் தடுப்பது அதன் நோக்கம். அதை நிறுவுவதற்கு மீட்புப் பிரிவில் 250 மெகாபைட் வெற்றிடம் தேவைப்பட்டது. ஏராளமான கணினிகளில் அந்த இடம் இருக்கவில்லை. அந்தப் பிரிவின் அளவைத் தீர்மானித்தவர் பாவனையாளர் அல்லர். பெரும்பாலும் விண்டோஸின் நிறுவல் நிரலோ, கணினியைத் தயாரித்த நிறுவனமோதான் தீர்மானித்தது.

இடம் போதாது என்ற செய்தியாவது திரையில் வந்ததா? இல்லை. 0எக்ஸ்80070643 என்ற பொதுவான நிறுவல் தோல்விக் குறியீடே வந்தது. வந்திருக்க வேண்டிய செய்தி வேறென்பதை மைக்ரோசொப்டே பின்னர் ஒப்புக்கொண்டது. தீர்வாக நிறுவனம் வெளியிட்டது ஒரு கட்டளைப் பட்டியல். நிர்வாகி உரிமையுடன் கறுப்புத் திரையைத் திற, மீட்புச் சூழலை முடக்கு, டிஸ்க்பார்ட்டைத் தொடக்கு, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் பிரிவை 250 மெகாபைட்டால் குறை, மீட்புப் பிரிவைத் தெரிவுசெய்து பாதுகாப்பை மீறி அழி, புதிதாக உருவாக்கு, மீண்டும் இயக்கு. இவை பொறியியலாளர்களுக்கு மட்டும் கூறப்பட்டவையல்ல. வீட்டில் கடிதம் எழுதவும், பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கவும் கணினி வைத்திருப்பவருக்கும் இதுவே வழி.

டிஸ்க்பார்ட்டில் பிரிவுகள் இலக்கங்களால் மட்டுமே அழைக்கப்படுகின்றன. மூன்று என்று அடிக்கவேண்டிய இடத்தில் நான்கு என்று அடித்துவிட்டு அழித்தற் கட்டளையைக் கொடுத்தால், 'இது உங்கள் பிள்ளைகளின் புகைப்படங்கள் இருக்கும் இடம், நிச்சயமாகவா?' என்று அது கேட்பதில்லை.

இந்தத் தவறு எதிர்காலத் திருத்தமொன்றினால் தானாகச் சீராகாது, கையால்தான் செய்யவேண்டும் என்பதையும் அதே ஆண்டில் நிறுவனம் அறிவித்தது. ஓகஸ்டில் வேறொரு திருத்தம் இதற்குப் பதிலாக வெளியிடப்பட்டது. இதற்கிடைப்பட்ட ஏழு மாதங்களில் எத்தனை பேர் தெரியாத கட்டளைகளைத் தட்டி எதனை இழந்தார்கள் என்ற கணக்கை எவரும் எடுக்கவில்லை. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்று, தன்னால் பாதுகாப்பாகத் தானியங்கியாகச் செய்து கொடுக்க முடியாத ஒரு வேலையை, அனுபவமற்ற கோடிக்கணக்கானோரின் கைகளில் ஒப்படைத்தது என்பதே இக்கதையின் சாரம்.

மின்சாரமும் புதிய வட்டும்

கூட்டல், குறைத்தல், நகர்த்தல் ஆகிய மூன்றும் ஒரே பொத்தானின் மூன்று பயன்கள் போலத் திரையில் காட்டப்படுகின்றன. அவற்றின் ஆபத்தோ ஒன்றல்ல. பிரிவின் வால்பக்கத்தில் வெற்றிடம் இருக்கும்போது கூட்டுவது ஏறத்தாழப் பாதுகாப்பானது. குறைத்தல் ஆபத்துடையது. பிரிவின் தொடக்கத்தையே இடம்பெயர்ப்பது பேராபத்தானது. ஏனெனில் அப்போது உள்ளடக்கம் முழுவதையும் துண்டு துண்டாகத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்கவேண்டும். நூற்றுக்கணக்கான ஜிகாபைட் எனில் பல மணித்தியாலங்கள் செல்லலாம். நடுவில் மின்சாரம் போனால் பாதி வீடு பழைய காணியிலும் பாதி வீடு புதிய காணியிலுமாக நிற்கும்.

தடையற்ற மின்சாரம் உள்ள நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதனை ஒரு வரியில் கடந்து செல்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டை இந்நாடு அனுபவித்தது. அறிவித்து நிறுத்தப்படும் மின்சாரத்துக்காவது நேரம் பார்க்கலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கொன்றினால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதாக அமைச்சரே விளக்கமளித்தார். 'தரவு இழப்பின்றி' என்று விளம்பரம் செய்யும் எந்த நிறுவனத்தின் கணக்கில் அந்தக் குரங்கு சேர்க்கப்பட்டிருந்தது?

முன்னர் ஓர் ஆறுதலாவது இருந்தது. சுழலும் வன்தட்டில் பிரிவு அழிந்தாலும் எழுத்து அங்கேயே கிடக்கும். மீட்பு நிபுணர் ஒருவர் செலவோடு எடுத்துத் தருவார். இன்று பரவலாகிவிட்ட எஸ்.எஸ்.டி. வட்டுகளில் 'டிரிம்' என்ற கட்டளை செயற்படுகிறது. பிரிவொன்று போர்மட் செய்யப்பட்டதும், அங்கிருந்த எழுத்துகள் இனித் தேவையில்லை என்று முறைமை வட்டுக்கு அறிவித்துவிடும். வட்டும் உள்ளுக்குள் துப்புரவு செய்துவிடும். அதன் பின் மீட்பதற்கு ஒன்றும் இராது. ஆபத்து கூடிய காலத்தில் பொத்தான் மட்டும் மேலும் அழகாகியிருக்கிறது.

யாருடைய பொறுப்பு?

"பிரதி எடுத்து வைப்பது பாவனையாளரின் கடமையல்லவா?" என்பதே வழமையான எதிர்வாதம். கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வாறாயின் 'ஒரு கோப்புக்கூட அழியாது' என்று பெட்டியின் முகப்பில் எழுதாதீர்கள். முகப்பில் உத்தரவாதமும், எவரும் வாசிக்காத உரிம ஒப்பந்தத்தில் 'எவ்வித இழப்புக்கும் நாம் பொறுப்பல்ல' என்ற வாசகமும் ஒரே பொருளில் இருப்பது வணிக தந்திரமேயன்றித் தொழில்நுட்பம் அன்று. ஜி-பார்ட்டட் போன்ற இலவச மென்பொருள்களும் உத்தரவாதம் அளிப்பதில்லை. ஆயினும் பிரிவின் தொடக்கத்தை நகர்த்த முற்படும்போது அது எச்சரிக்கிறது, பயன்பாட்டில் உள்ள பிரிவின் அருகே பூட்டின் படத்தையும் காட்டுகிறது. காசு வாங்காதவரிடம் உள்ள நேர்மை காசு வாங்குபவரிடம் இல்லை.

"பெரும் நிறுவனங்களின் சேவையகங்களில் ஓடும் நிலையிலேயே வட்டுகளின் அளவை மாற்றுகிறார்களே?" என்பது அடுத்த வாதம். உண்மை. எவ்வாறு மாற்றுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமேசனின் மேகச் சேவை, ஓடும் கணினியின் வட்டைக் கூட்டும் வசதியை 2017இல் அறிமுகப்படுத்தியது. குறைக்கும் வசதியை அது தரவில்லை. குறைக்க வேண்டுமாயின் சிறிய வட்டொன்றைப் புதிதாக எடுத்துத் தரவுகளை அங்கே பிரதி செய்துகொள்ள வேண்டும். பணமும் பொறியியலாளர் படையும் உள்ள நிறுவனம் தவிர்த்த வேலையை, பதினைந்து வயது மாணவர் தன் தந்தையின் மடிக்கணினியில் செய்யலாம் என்று நமக்குக் கற்பிக்கிறார்கள்.

இந்தத் தேவை எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். நமது ஊர்க் கடைகளில் புதிய கணினி வாங்கினால், கேட்காமலேயே வட்டை சி, டி, ஈ என்று கூறுபோட்டுத் தருவார்கள். சி பிரிவுக்குக் கிடைப்பது சிறு துண்டு. இரண்டாண்டில் விண்டோஸின் திருத்தங்களே அதனை நிரப்பிவிடும். பக்கத்தில் டி வெறுமையாகக் கிடக்கும். உடனே அதே கடைக்காரர், டியில் வெட்டி சியில் ஒட்டித் தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்பார். டியின் தொடக்கத்தை நகர்த்துவதன்றி அதற்கு வேறு பொருளில்லை. மூன்றிலும் ஆபத்தானது எதுவோ அதுவே.

நானறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது கிராமத்தின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருந்தார். மேற்சொன்ன வேலைக்காகக் கடையொன்றில் கணினியைக் கொடுத்தார். நடுவில் மின்சாரம் போய்விட்டது. "வட்டு முன்பே பழுதாகியிருந்திருக்கும் ஐயா" என்பதே கிடைத்த பதில். கட்டணம் வாங்கவில்லையாம். அதனைப் பெருந்தன்மையாகவே எண்ணிக்கொண்டு வெறுமையான கணினியுடன் அவர் வீடு திரும்பினார். அவர் பேட்டி கண்ட முதியோரில் பலர் இப்போது உயிருடன் இல்லை. ஒரே பிரதியை மட்டும் வைத்திருப்பதன் விலையை, 1981இல் தன் நூலகம் எரிவதைக் கண்ட ஊருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இருந்தும் நாம் கற்கவில்லை.

மாற்று வழி இல்லாமலில்லை. 2005இல் சன் நிறுவனம் வெளிப்படுத்திய இசட்.எப்.எஸ்.சும், 2017இல் அப்பிள் தனது கணினிகளுக்குக் கொண்டுவந்த ஏ.பி.எப்.எஸ்.சும் பொதுவான வெற்றிடத்தைப் பல பகுதிகள் பகிர்ந்துகொள்ள இடமளிக்கின்றன. எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று முற்கூட்டியே கதியால் நடவேண்டியதில்லை. வேலியே இல்லாவிட்டால் அதனை நகர்த்தும் வியாபாரமும் இல்லை.

ஆகவே கோரிக்கைகள் நான்கு. முதலாவது, 'இழப்பின்றி' என்ற சொல்லை விளம்பரங்களிலிருந்து நீக்குங்கள். இரண்டாவது, எந்தக் கட்டத்தில் இடைநிறுத்தினால் மீளலாம், எந்தக் கட்டத்தில் மீள முடியாது என்பதை வேலை தொடங்குமுன் அவரவர் மொழியில் காட்டுங்கள். மூன்றாவது, கடைக்காரர்கள் கேளாமல் கூறுபோடுவதை நிறுத்தட்டும், கைவைப்பதற்கு முன் பிரதி எடுத்துக் கொடுத்து, அது திறக்கிறது என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டட்டும். நான்காவது எனது தொழிலைச் சார்ந்தோருக்கு: பிரதி எடுக்கும் முறையை முதற்பந்தியில் எழுதாத எந்த வட்டுக் குறிப்பையும் பிரசுரிக்காதீர்கள்.

பக்கத்தில் ஒட்டிய வெற்றிடம் இல்லாவிடின், கூட்டும் பொத்தானை மங்கலாக்கி அழுத்த முடியாதவாறு செய்ய விண்டோஸுக்குத் தெரிகிறது. நிலம் இல்லாதவருக்கு அந்தப் பொத்தானை மறுக்கத் தெரிந்தவர்கள், பிரதி இல்லாதவருக்கும் அதனை மறுத்தால் என்ன?